வாப்பாவுக்கு அந்த ‘கூண்டு ஊசி’ வாங்கலாமா?

கீழக்கரையிலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வாப்பாவுக்கு நுரையீரல் கேன்சர், மதுரையில சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்து ரெண்டு சைக்கிள் முடிஞ்சிருக்கு, வாந்தி தாங்க முடியல, இப்ப ஒரு ஏஜென்ட் வந்து மெட்டல் கூண்டு மருந்து வந்துருச்சு, கேன்சர் செல்ல மட்டும் தேடிப்போய் கொல்லும், ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுங்கன்னு சொல்றாராம்.

பத்து பைசா குடுக்காதீங்க தம்பி.

மண்டபத்துல கடல்ல கூண்டு போட்டு மீன் வளக்குறத பாத்திருப்பீங்க. அந்தக் கூண்ட ஆளு உக்காந்து கட்டணும். நாங்க லேப்ல செய்யுற கூண்டுக்கு கட்ட ஆளே வேணாம், பல்லேடியம் மாதிரி உலோகத்தையும் அதுக்கு தோதான கரிம மூலக்கூறையும் கணக்கா கரைச்சு வச்சா அதுகளே கோணம் பாத்து சேந்துக்கும். 1995-ல ஜப்பான்ல ஃபுஜிட்டா குழு 6 பல்லேடியமும் 4 தட்டையான மூலக்கூறும் வச்சு அப்படி ஒண்ணு செஞ்சாங்க. அதுக்குள்ள மருந்த உக்கார வச்சு கேன்சர் கட்டி வரைக்கும் கொண்டு போயிரணும், அதான் எங்க ஆசை.

ஆனா தானா சேந்தது தானா பிரியவும் செய்யும். ரத்தத்துல இருக்குற குளோரைடு, புரதம், செல்லுக்குள்ள இருக்குற குளூட்டாதயோன்ங்கிற சின்ன மூலக்கூறு எல்லாம் உலோகத்தப் பிடிச்சு இழுக்கும், நிறைய கூண்டு போற வழியிலயே அவுந்துரும். ஆனா உங்க வாப்பாவுக்கு ஏத்துற, பிளாட்டினம் உலோகம் உள்ள சிஸ்பிளாட்டினுக்கு அந்த குளோரைடுதான் காவல், அதனாலதான் சலைன்ல கலந்து ஏத்துறாங்க, ரத்தத்துல அடங்கி இருந்துட்டு குளோரைடு கம்மியான செல்லுக்குள்ள போனப்புறம்தான் டிஎன்ஏவ பிடிக்கும். அமெரிக்காவுல 1978-லயே அனுமதி வாங்கின மருந்து அது. கூண்டு மருந்து ஒண்ணுகூட இன்னும் விற்பனைக்கு வரல, லேப் தட்டுல வளர்ற செல், எலி, அவ்ளோதான். ஏஜென்ட் காட்டுற பேப்பர்ல ‘செல் செத்துச்சு’ன்னா அந்தத் தட்டுல செத்துச்சுன்னு அர்த்தம்.

ட்ரயல்னு சொன்னா மட்டும் நின்னு கேளுங்க. நிஜ ட்ரயல்னா சிடிஆர்ஐ (CTRI), அதாவது இந்தியாவுல நடக்குற மருந்து சோதனைகளப் பதியுற அரசு பதிவேட்டு நம்பர் இருக்கும், நெட்லயே தேடிப் பாக்கலாம், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இருக்கும், உங்களுக்குப் புரியுற தமிழ்ல சம்மதப் படிவம் குடுப்பாங்க, சோதிக்கிற மருந்துக்கு அட்வான்ஸ் கேக்க மாட்டாங்க, அதால உடம்புக்கு ஏதும் ஆனா வைத்தியமும் நஷ்டஈடும் சட்டத்துலயே இருக்கு. நடுவுல ஏஜென்ட் நின்னு காசு வாங்குனா அது ட்ரயலே இல்ல, நம்பர் காட்டுனாலும் இல்ல, கோட்டு போட்ட ஆளு வந்து சொன்னாலும் இல்ல.

எனக்கு ஆத்திரம் எங்கன்னா, விடியக்காலம் பஸ் ஏறி மதுரை போயி அரை நாள் வரிசையில நின்னா டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம்தான் கிடைக்குது, வாந்தியப் பத்தி சொல்றதுக்குள்ள அடுத்த டோக்கன் கூப்பிடுறாங்க, அந்த சந்துலதான் இவனுங்க நுழையுறானுங்க.

சிஸ்பிளாட்டின் வாந்திய அடக்க நல்ல மாத்திரைகள் இருக்கு, கேட்டாதான் மாத்தித் தருவாங்க. எத்தனை தடவ வாந்தி, காதுல இரைச்சல் உண்டா, ஒண்ணுக்கு குறைஞ்சிருக்கா, மூணையும் ஒரு சீட்டுல எழுதி அடுத்த தடவ உள்ள நுழைஞ்ச உடனே டாக்டர் கையில குடுத்துருங்க. ஒண்ணுக்கு குறைஞ்சிருந்தா மட்டும் அடுத்த சைக்கிள் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே கிளம்பிருங்க.