கிரேக்கக் கோயில்களில் தூணுக்கு மேலே வரிசையாக வரும் மூன்று பட்டைக் கட்டம் எதற்கு?

அந்தக் கட்டத்துக்கு டிரைகிளிஃப் என்று பெயர். அதை விட்டுவிட்டு நேர் கீழே பாருங்கள்: ஒரு சின்னச் சட்டத்திலிருந்து ஆறு குமிழ்கள் தொங்கும். எனக்கு அவைதான் பிடித்தவை.

ஏதென்ஸில் ஹெஃபைஸ்டஸ் கோயில் இருக்கிறது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சுற்றிலும் 34 தூண்கள் இன்னும் நிற்கின்றன. அதே ஊரின் புகழ்பெற்ற பார்த்தினான் கோயிலில் உள்ள நெரிசல் இங்கே இல்லை, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கலாம். என் அப்பா தச்சர். கதவு நிலையின் இணைப்பில் அடிக்க மூங்கில் ஆணி சீவிக்கொண்டே இருப்பார். பளிங்கில் செதுக்கிய அந்தக் குமிழ்களைப் பார்த்தபோது அவர் மடியில் கிடந்த ஆணிகள்தான் நினைவுக்கு வந்தன.

அது வெறும் என் கற்பனை அல்ல. கிரேக்கர்களின் முதல் கோயில்கள் மரத்தால் ஆனவை. சுவருக்கு வெளியே நீட்டிய உத்தரத்தின் முனைகளைத் தச்சர்கள் அறுத்தார்கள், அறுத்த முகம் அசிங்கமாக இருந்ததால் பலகை அடித்து நீல மெழுகு பூசி மறைத்தார்கள், அதுவே டிரைகிளிஃப் ஆனது என்று கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். குமிழ்கள் மர ஆணிகளின் சாயல் என்பது பரவலான விளக்கம். இதை மறுப்பவர்களும் உண்டு. உத்தரத்தின் முனை கட்டடத்தின் நாலு பக்கமும் எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பழைய மரவேலையை அப்படியே பிரதி எடுக்கவில்லை, அழகு கருதி எல்லாப் பக்கமும் ஓட்டிவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

மரம் கல்லாக மாறிய கதைக்கு ஒலிம்பியாவின் ஹீரா கோயில் நல்ல சாட்சி. ஏறக்குறைய கி.மு. 600-இல் கட்டியது. மரத் தூண்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கல் தூண் நிறுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு தூணின் உச்சிப்பகுதி போல இன்னொன்றின் உச்சிப்பகுதி இல்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி பௌசானியஸ், பின்பக்கத்தில் ஓக் மரத் தூண் ஒன்று அப்போதும் நின்றதாகக் குறித்திருக்கிறார்.

பிறகு இந்த வடிவத்தை ரோமானியர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து ஐரோப்பா. 1791-இல் முடிந்த பெர்லின் பிராண்டன்பர்க் வாயிலிலும், 1842-இல் முடிந்த நியூயார்க் ஃபெடரல் ஹாலிலும் அதே மூன்று பட்டைக் கட்டங்கள்.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஆணியை அடித்துவிட்டு மட்டமாக அறுக்காமல் போயிருக்கிறான். வேலை முடியவில்லையே" என்றார்.