கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவனுக்குக் கோபம்தானா?

கேள்வி: எனக்கு இரட்டைக் குழந்தைகள், ஆண் ஒன்று பெண் ஒன்று. நாலரை வயதாகிறது. மகள் எதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவாள், விட்டுக்கொடுத்தும் போவாள். மகனுக்கு எடுத்ததற்கெல்லாம் கோபம். போன வாரம் அவன் அடுக்கிய கட்டைக் கோபுரம் சரிந்துவிட்டது. கையில் கிடைத்த கட்டையைச் சுவரில் எறிந்தான். அப்புறம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டு கையையும் இறுக மூடியிருந்தான், தாடை நடுங்கியது. மகளோ கட்டைகளைப் பொறுக்கி எடுத்து வந்து, "நான் கட்டித் தரேன்" என்கிறாள். "ஆம்பளப் பையன் அப்படித்தான் இருப்பான்" என்கிறார் கணவர். அவன் அழுதால் மட்டும் "பொம்பளப் பிள்ளை மாதிரி அழாதே" என்று அதட்டுகிறார் மாமியார். இது பிறவிக் குணமா, என் வளர்ப்பில் குறையா? இன்னொன்று: பள்ளியில் பையன்களோடு மட்டும்தான் விளையாடுகிறான், கூடப் பிறந்தவளைக்கூடச் சேர்ப்பதில்லை. இது சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். மகனைப் பற்றி எழுதும்போது "கோபம்" என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். "பயம்" என்றோ "வருத்தம்" என்றோ ஓர் இடத்தில்கூட இல்லை. ஆனால் அவன் தாடை நடுங்கியதைக் கவனித்து எழுதியதும் நீங்கள்தான். தாடை நடுங்க, இருட்டான மூலையில் போய் ஒளிகிற குழந்தைக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அழுதால் அதட்டு விழும் என்பது அவனுக்குத் தெரியும். எறிந்தால் "ஆம்பளப் பையன்" என்று விட்டுவிடுவார்கள் என்பதும் தெரியும். நாலரை வயதுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. 1976இல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்பது மாதக் குழந்தையின் முன்னால் ஒரு பெட்டியிலிருந்து பொம்மை திடீரென்று துள்ளி எழுகிறது, குழந்தை வீரிட்டு அழுகிறது. பார்த்தவர்களில் ஒரு பாதிப் பேரிடம் அது ஆண் குழந்தை என்றும், மறு பாதியிடம் பெண் குழந்தை என்றும் சொல்லியிருந்தார்கள். ஆண் என்று நம்பியவர்களுக்கு அந்த அழுகை கோபமாகத் தெரிந்தது, பெண் என்று நம்பியவர்களுக்குப் பயமாகத் தெரிந்தது. ஒரே குழந்தை, ஒரே அழுகை. பயந்த குழந்தையை நாம் அள்ளி அணைக்கிறோம், கோபக்காரக் குழந்தையை அடக்கப் பார்க்கிறோம். பேர் மாறினால் குழந்தைக்குக் கிடைப்பதும் மாறிவிடுகிறது.

சரி, பிறவியில் வித்தியாசமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. குழந்தைகளின் சுபாவத்தைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வந்த ஓர் அலசலின்படி, தன்னை அடக்கிக்கொள்வதிலும் ஒன்றில் கவனம் நிறுத்துவதிலும் பெண் குழந்தைகள் சராசரியாக நன்றாகவே முந்தி நிற்கிறார்கள். ஓட்டம், துள்ளல், துறுதுறுப்பு இதிலெல்லாம் ஆண் குழந்தைகளுக்குக் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் எரிச்சலும் சோகமும் சட்டென்று மூளும் சுபாவம் என்று பார்த்தால் இருவருக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. உள்ளே மூள்வது ஒன்றுதான், அதை அடக்கிக்கொள்ளும் பிடி மகனுக்குக் கொஞ்சம் பிந்தி வரலாம். அவ்வளவுதான் உங்கள் கணவர் சொன்னதில் இருக்கும் உண்மை. அதைக்கூட "அப்படித்தான் இருப்பான்" என்று கைவிட முடியாது. பிந்தி வருகிற ஒன்றுக்குத்தான் துணை அதிகம் வேண்டும்.

இன்னொரு தொகுப்பாய்வு 2013இல் வந்தது. 166 ஆய்வுகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். உணர்ச்சியை வெளிக்காட்டுவதில் ஆண், பெண் வித்தியாசம் சிறிதுதான் என்பது அதில் தெரிந்தது. அதிலும் பெற்றோருடன் இருக்கும்போது அந்த வித்தியாசம் குறைவு, பழக்கமில்லாதவர்கள் முன்னால் அதிகம். எந்த முகத்தை எங்கே காட்ட வேண்டும் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள் என்பதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். நாம் பேசும் பேச்சுக்கும் இதில் பங்கு உண்டு. மகள்களிடம் சோகத்தைப் பற்றி அதிகம் பேசுகிற பெற்றோர், மகன்களிடம் அவ்வளவு பேசுவதில்லை என்று ராபின் ஃபைவுஷ் என்ற உளவியலாளர் தம் ஆய்வுகளில் கவனித்திருக்கிறார். சொல் கிடைக்காதவனிடம் கட்டைதான் இருக்கும்.

அதனால் வளர்ப்பில் குறை என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை கோபுரம் சரியும்போது (நிச்சயம் சரியும்) கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். வெளியே வா என்று இழுக்காதீர்கள். "எவ்வளவு நேரமா கட்டினே, பொசுக்குன்னு விழுந்துடுச்சே. அழுகையா வருதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வராது, வர வேண்டாம். மூடின கை தளரும்வரை இருந்தால் போதும். "கட்டையை எறியக் கூடாது, யார் மேலயாவது பட்டுடும்" என்பதை அப்புறம் ஒரே வாக்கியத்தில் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். உணர்ச்சிக்குத் தடை போடாமல் எறிவதற்கு மட்டும் தடை போட முடியும். முதல் நாலைந்து தடவை ஒன்றும் மாறாத மாதிரிதான் இருக்கும்.

மாமியாரிடம் பிள்ளை எதிரில் வாதாடாதீர்கள். "அழட்டும் அத்தை, ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுவான்" என்று சொல்லி அவனைத் தூக்கிக்கொள்ளுங்கள். கணவரிடம் மட்டும் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். அப்பா தனக்கு வந்த வருத்தத்தை வாயால் சொல்லி மகன் கேட்டால், நீங்கள் நூறு முறை சொல்வதைவிட அது அவனுக்குள் இறங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கடிதம் முழுக்க மகனைப் பற்றித்தான். மகளுக்கு நாலு வரி, அதிலும் பாராட்டு. கட்டைகளைப் பொறுக்கி எடுத்து வந்தாளே, அந்த நேரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? தன் விளையாட்டை விட்டுவிட்டு வந்தாளா? அவளுக்கும் அந்தச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டிருக்கும். வீட்டில் யாராவது எரிந்து விழுந்தால் ஓடிப்போய்ச் சமாதானம் செய்வது தன் வேலை என்று நாலரை வயதிலேயே பழகுகிறாள். "சமர்த்து" என்ற பாராட்டு அந்தப் பழக்கத்துக்கு உரம். அவளுக்கும் கோபம் வரும், வரட்டும். "உனக்கு எரிச்சலா இல்லையா? உன் விளையாட்டு பாதியில நின்னுடுச்சே" என்று அவளையும் கேளுங்கள். அவள் ஒரு நாள் "நான் கட்டித் தர மாட்டேன், போ" என்று சொன்னால் திட்டாதீர்கள். பெண் குழந்தைகள் அமைதியாக இருப்பதாலேயே அவர்களுடைய ஆட்டிசமும் கவனக் குறைபாடும் பல நேரம் தாமதமாகத்தான் தெரியவருகின்றன. உங்கள் மகளுக்கு எதுவும் இருப்பதாகச் சொல்லவில்லை. சத்தம் போடாத பிள்ளையையும் உற்றுப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மருத்துவரிடம் எப்போது போவது? தன்னையோ மற்றவர்களையோ அடிக்கடி காயப்படுத்தினால், பேச்சு வளராமல் நின்றுவிட்டால், வீட்டிலும் பள்ளியிலும் வாரக்கணக்கில் இதே நிலை நீடித்தால், குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். "பையன்கள் மெதுவாத்தான் பேசுவாங்க" என்று யாராவது சொன்னால் காத்திருக்க வேண்டாம். பேச்சில் பெண் குழந்தைகள் சராசரியாக முந்துவது உண்மைதான், ஆனால் அந்த இடைவெளி சின்னது.

கடைசியாக, பையன்களோடு மட்டும் விளையாடுவது. இந்த வயதில் உலகம் முழுக்கக் காணும் வழக்கம் இது. எலினார் மக்கோபியும் கரோல் ஜாக்லினும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், நாலரை வயதுப் பிள்ளைகள் எதிர்ப்பாலாரைவிடத் தம் பாலாரோடு ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் விளையாடினார்கள். ஆறரை வயதில் அதுவே பதினொரு மடங்கு ஆனது. பெரியவர்கள் சொல்லிக் கொடுக்காமலே அவர்களாகப் பிரிந்துகொள்கிறார்கள். இன்னும் இரண்டு வருடத்தில் இது கூடத்தான் செய்யும், பதறாதீர்கள். பள்ளியில் யாரோடு சேருவது என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். வீட்டில் மட்டும், போர்வையின் இரு முனையை இருவரும் பிடித்து நடுவில் பந்தைத் துள்ள விடுவது போல, ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஆட முடியாத விளையாட்டு ஏதாவது தினம் கொஞ்ச நேரம் இருக்கட்டும். பந்து கீழே விழும். விழுந்ததும் முதலில் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.