முத்துசாமி காத்திருந்த ஆறு வருடம்: கேட்டவர்களுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்தில் பல வருடமாகப் பையன்களுக்குச் சுழல்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். தென்னாப்பிரிக்க டெஸ்ட் கிரிக்கெட் வீரர் செனுரன் முத்துசாமி பற்றியும், அவரைப் போல வர ஆசைப்படும் பிள்ளைகள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

அண்ணா, பாகிஸ்தானுக்கு எதிராக லாகூரில் 11 விக்கெட் எடுத்த பிறகுதான் முத்துசாமி பெயரையே கேள்விப்பட்டேன். திடீரென்று எங்கிருந்து வந்தார்? (டோங்காட்டிலிருந்து ஒரு அம்மா)

திடீரென்று வரவில்லை அக்கா. 1994இல் டர்பனில் பிறந்த பையன், பூர்வீகம் நாகப்பட்டினம். 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட் ஆடினார், முதல் விக்கெட்டே விராட் கோலி, தானே வீசித் தானே பிடித்தார். மட்டையிலும் 33, 49, இரண்டு இன்னிங்ஸிலும் அவுட் ஆகவில்லை. அடுத்து புனேயில் ஒரு ஆட்டம், அதோடு சரி, மூன்றாவது டெஸ்ட் கிடைக்க 2023 ஆகிவிட்டது. லாகூர் 2025 அக்டோபர். அடுத்த மாதமே குவாஹாத்தியில் 109 அடித்தார். கோலி விக்கெட்டுக்கும் லாகூருக்கும் நடுவே ஆறு வருடம் இருக்கிறது, நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியது அந்த ஆறு வருடத்தைத்தான்.

அவ்வளவு நாள் ஏன் எடுக்கவில்லை?

கேசவ் மகாராஜ். அவரும் டர்பன்காரர், அவரும் இடக்கைச் சுழல், 2016இலிருந்து டெஸ்ட் அணியில் அசையாமல் இருக்கிறார். டர்பனின் டால்ஃபின்ஸ் அணியிலும் அவர் பின்னால், நாட்டு அணியிலும் அவர் பின்னால் என்றால் ஒரு இளைஞன் என்ன செய்வான்? முத்துசாமி ஆரம்பத்தில் மேல்வரிசை மட்டையாளர், அப்புறம்தான் பந்துவீச்சை இவ்வளவு வளர்த்துக்கொண்டார். டர்பனை விட்டுப் போனார், பிறகு குவெபெர்ஹா நகரின் வாரியர்ஸ் அணிக்கு ஆடினார். பிறந்த ஊர் அணியை விட்டுப் போவது லேசான காரியம் இல்லை, எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்ததே அதில்தான்.

நான் 17 வயது ஆஃப் ஸ்பின்னர். காயா மஜோலா வாரத்துக்கு (பள்ளிப் பையன்களின் மாகாண அணிகள் ஆடும் போட்டி) என்னை எடுக்கவில்லை, இனி அவ்வளவுதானா?

இல்லை தம்பி. டிசம்பரில் நடக்கும் அந்த 19 வயதுக்குட்பட்டோர் வாரத்தில் செலக்டர்கள் பார்ப்பது உண்மைதான். ஆனால் நம் ஆஃப் ஸ்பின்னர் பிரெனலன் சுப்ராயன் தென்னாப்பிரிக்காவுக்காக முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 31. கிளப் ஆட்டத்தை விடாதே. நாளுக்கு நூறு பந்து வீசு, கடைசி இருபதைக் களைத்த பிறகு வீசு, ஏனென்றால் நாலு நாள் ஆட்டத்தில் உன்னிடம் பந்து வருவது எல்லோரும் களைத்த பிறகுதான்.

சம்பளத்துக்கு ஆடும் ஒப்பந்தம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மகன் மெட்ரிக் (பள்ளிக் கடைசி வருடம்) படிக்கிறான், படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரம் ஆடட்டுமா?

நிறுத்த வேண்டாம், தயவுசெய்து. 2021இல் உள்நாட்டு அமைப்பை மாற்றியபோது 15 அணிகள் வந்தன, முதல் பிரிவில் எட்டு, இரண்டாம் பிரிவில் ஏழு. அப்போது முதல் பிரிவில் அணிக்கு 16 ஒப்பந்தம், இரண்டாம் பிரிவில் அணிக்கு 11. கூட்டிப் பாருங்கள், நாடு முழுக்க இருநூற்றுச் சொச்சம். அதிலும் ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிப்பார்கள் என்ற உறுதி கிடையாது. முத்துசாமியே குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். அக்டோபர், நவம்பரில் பரீட்சையும் சீசன் தொடக்கமும் மோதும், அந்த ஒரு வருடம் சில ஆட்டம் போனால் போகட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறதா மாமா? (பீனிக்ஸிலிருந்து ஒரு பெண்)

இருக்கிறது கண்ணு, முன்பைவிட நல்ல வழி. 2023இல் பெண்களின் முதல் பிரிவை ஆறு அணிகளோடு, அணிக்கு 11 ஒப்பந்தம் கொடுத்துத் தொடங்கினார்கள். பள்ளியில் பெண்கள் அணி இல்லையென்றால் பையன்களோடு நெட்டில் நில். என் நெட்டிலும் இப்போது மூன்று பெண்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவோடு வா.