மண்டபம் டாங்கோ குழு: டீச்சரிடம் கேளுங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஆள் சேர்ந்துகொண்டே வரும் டாங்கோ (ஜோடியாக ஆடும் நடனம்) குழுவுக்குச் சொல்லித்தர சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு அவரவர் ஊர்ப் பெயரோடு பதில் இங்கே.

தங்கச்சிமடம்: எங்க ஆட்டம் எப்படி இருக்கு டீச்சர்? உள்ளதைச் சொல்லுங்க.

தாளம் இருக்கிறது, நடை இல்லை. யூடியூப் பார்த்துக் காலைக் கொக்கி போடக் கற்றுவிட்டீர்கள். ஒரு பாட்டு முழுக்கச் சும்மா நடங்கள் என்றால் தடுமாறுகிறீர்கள். டாங்கோவுக்கு நடைதான் ஆதாரம். உடம்பின் எடை முழுவதும் ஒரு காலுக்குப் போன பிறகே மற்ற கால் நகர வேண்டும். இரண்டு காலிலும் பாதிப் பாதி நின்றால், எந்தக் காலை எடுக்கப் போகிறீர்கள் என்று ஜோடிக்கு எப்படித் தெரியும்? ஒயிலாட்டம் ஆடிய தம்பிகள் தாளம் தப்புவதே இல்லை, ஆனால் துள்ளுகிறார்கள். அதைத் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பாதம் தரையை ஒட்டியே போகட்டும்.

உச்சிப்புளி: அரியமான் கடற்கரையில் பழகலாமா?

வேண்டாம். மணலில் பாதம் புதைந்துவிடும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும்.

தேவிபட்டினம்: டாங்கோ அர்ஜென்டினாவுடையதா, உருகுவேயுடையதா?

இரண்டுக்கும் சொந்தம். 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இரண்டு நாடுகளின் பெயரிலும் சேர்ந்தேதான் டாங்கோ இடம்பெற்றது.

ஏர்வாடி: அணைத்து ஆடுவது நம்ம ஊருக்குச் சரிப்படுமா?

இதையே ஊருக்கு ஒருவர் கேட்டாயிற்று. தள்ளி நின்றும் ஆடலாம். ஆட அழைப்பதே தூரத்திலிருந்துதான்: கண்ணைப் பார்த்துத் தலையசைப்பார்கள், அதற்கு கபெசேயோ என்று பெயர். மீன் ஏலத்தில் தலையசைத்தே விலை முடிகிறதே, அந்த மாதிரி. விருப்பமில்லாத பெண் பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும், யாருக்கும் அவமானமில்லை. நேரே போய்க் கையை நீட்டாதீர்கள்.

ராமேஸ்வரம்: தனுஷ்கோடி மணலில் ஆடி வீடியோ எடுத்தால்?

முழங்கால்! உச்சிப்புளிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கீழக்கரை: பெண்கள் வராததால் ஆணும் ஆணும் ஆடுகிறார்கள். இது டாங்கோவே இல்லை.

அண்ணே, அர்ஜென்டினா தலைநகர் புவெனஸ் அயர்ஸில் அந்தக் காலத்து ஆண்கள் ஆண்களோடுதான் பழகினார்கள். முதலில் பின்தொடர்ந்து ஆடக் கற்று, அப்புறம்தான் முன்நடத்தினார்கள். பின்னால் போய்ப் பார்க்காதவனின் நடத்தல் இழுப்பாகத்தான் இருக்கும்.

மீண்டும் கீழக்கரை: பழகுவதற்குச் சரி. பெண்களுக்கு ஆர்வமில்லை என்பதுதானே உண்மை?

பாம்பன்: ஆர்வமில்லைன்னு யார் சொன்னது? வகுப்பு ராத்திரி எட்டரைக்கு. முடிஞ்சு வந்தா பஸ் கிடையாது. அண்ணன் கொண்டுவந்து விடுவாரா?

மீண்டும் கீழக்கரை: நேரத்தை மாற்றினால் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்?

ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு வருவான். அண்ணே, எட்டரை மணிக்குக் கூப்பிட்டுவிட்டு ஆர்வமில்லை என்று சொல்லக்கூடாது. பாம்பன் தங்கச்சி, தோழிகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். குழுப் பொறுப்பாளர் கவனத்துக்கு: ஞாயிற்றுக்கிழமை ஹால் காலியா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். முகூர்த்த நாளென்றால் கிடைக்காது.