ஸ்பீக்கர் ஓட்டை மூன்று மில்லிமீட்டர் சிறுத்துப்போனது ஏன்?

கேள்வி: அண்ணா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பஜனைக் குழுவுக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி செய்கிறேன். புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். ஆறரை அங்குல ஸ்பீக்கர், 18 மி.மீ. சூப்பாவுட் (எம்.டி.எஃப்., மரத்தூளை அழுத்திச் செய்தது) பலகை. வீட்டில் 3018 சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் சிறிய மெஷின்) இருக்கிறது. 145 மி.மீ. வட்டம் போட்டு வெட்டினேன்; அளந்தால் 142 தான். ஸ்பீக்கர் இறங்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்துப் பெரிதாக்கப் பார்த்தேன், ஓரமெல்லாம் உதிர்ந்துவிட்டது. இன்னொரு பலகையை வெட்டப் பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் எழுதிய இரண்டு எண்களே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. 3018-இல் மாட்டும் பிட் (சுழன்று வெட்டும் முனை) பெரும்பாலும் 3.175 மி.மீ. உங்கள் மென்பொருளில் பிட் அளவு 6 என்று இருந்திருக்கும், போய்ப் பாருங்கள். கோட்டுக்கு உட்புறம் வெட்டச் சொன்னால், பிட்டின் பாதி அளவுக்கு மென்பொருள் பாதையை உள்ளே தள்ளும். 6 என்று நம்பி 3 மி.மீ. தள்ளியிருக்கிறது. மாட்டியிருந்த பிட்டோ வெளிப்பக்கம் 1.6 மி.மீ.தான் அரித்தது. பக்கத்துக்கு 1.4 மிச்சம், இரண்டு பக்கமும் சேர்த்து 2.8. 145-இல் 2.8 போனால் 142.2.

இதையே கோட்டின் மேலேயே வெட்டச் சொல்லியிருந்தால் ஓட்டை 3 மி.மீ. பெருத்துப்போயிருக்கும். சிறுத்த ஓட்டையைத் திரும்ப வெட்டிக்கொள்ளலாம். அதனால் அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உதிர்ந்த ஓரம் எப்படியும் ஸ்பீக்கர் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் போய்விடும். ஓட்டையின் குறுக்கே ஒரு பட்டைப் பலகையை மேல்மட்டத்துக்குச் சரியாக ஒட்டி, பெட்டியின் ஓரங்களிலிருந்து அளந்து நடுப்புள்ளியைக் குறியுங்கள். மெஷினுக்கு அதுதான் பூஜ்யம், அளவு தொடங்கும் புள்ளி.

அதற்கு முன் ஒரு கேள்வி. அந்த 145 எங்கிருந்து வந்தது? ஸ்பீக்கரோடு வந்த தாளிலிருந்து என்றாலும் அதை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். ஆறரை அங்குலம் என்பது பெயர்தான். வெட்டும் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெர்னியர் காலிப்பரை எடுத்து விளிம்புக்குக் கீழே ஸ்பீக்கர் கூட்டின் அகலமான இடத்தை அளந்து, 1 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். வயர் மாட்டும் காது கூட்டைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதை மறந்துவிட்டு, கடைசியில் உளியால் ஓட்டையைக் குடைந்தவர்களை எனக்குத் தெரியும். அளவு கிடைத்ததும் 3 மி.மீ. பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி ஸ்பீக்கரை இறக்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. நான் இன்றும் இதைச் செய்யாமல் நல்ல பலகையில் பிட்டை வைப்பதில்லை.

வளையத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். நீள அகலத்தில் வித்தியாசம் வந்தால் ஒரு அச்சின் ஸ்டெப் கணக்கு (ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை படி சுற்ற வேண்டும் என்ற எண்) தவறு. 100 மி.மீ. நகரச் சொல்லி 99.5 தான் நகர்ந்தால், பழைய எண்ணை 100-ஆல் பெருக்கி 99.5-ஆல் வகுத்துப் போடுங்கள். மூலைவாட்டில் வட்டம் நசுங்கியிருந்தால் இரண்டு அச்சும் செங்கோணத்தில் இல்லை. வட்டத்தின் நான்கு திசைகளில் சிறு படி தெரிந்தால் அச்சை நகர்த்தும் திருகின் நட்டில் ஆட்டம் இருக்கிறது.

சரி, இனி வெட்டும் வரிசை. பள்ளம் முதலில், ஓட்டை பிறகு. இதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பிட்டில் வெட்டும் பகுதி ஏறக்குறைய 17 மி.மீ.தான் இருக்கும், பலகையோ 18. விளிம்புக்கான பள்ளத்தை முதலில் எடுத்துவிட்டால் ஓட்டைக்கு மிச்சமிருப்பது 13 சொச்சம்தான், பிட் தாராளமாக எட்டும். பள்ளத்தின் ஆழம் விளிம்பின் தடிமனும் அதன் அடியில் வைக்கும் ரப்பர் பட்டையில் பாதியும்: விளிம்பு 4, பட்டை 1 என்றால் 4.5. திருகு முடுக்கும்போது பட்டை அமுங்கிக் காற்று கசியாது.

இந்த மெஷினின் மோட்டாருக்குப் பலம் குறைவு. சுற்றுக்கு 1 மி.மீ. ஆழம், நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகம் போதும். ஒரு சுற்றுக்கு முக்கால் நிமிடம் ஆகும். ஒற்றைப் பிட் அகலத்தில் ஆழமாகப் போனால் தூள் அடைத்துக் கருகும், ஆகவே 5 மி.மீ. அகலத் தடமாக வெட்டச் சொல்லுங்கள். நடு வட்டு கழன்று பிட்டில் சிக்காமலிருக்க, நான்கு இடத்தில் 6 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள பாலம் விடுங்கள். பிறகு ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம்.

லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) மோசமாக இருந்த 2023-இல், ஓட்டை பாதி வெட்டும்போது எனக்குக் கரண்ட் போய்விட்டது. இந்த மெஷின்களுக்குத் தான் நின்ற இடம் நினைவிருக்காது. கண் அளவில் பூஜ்யம் வைத்துத் தொடர்ந்தேன். ஓட்டையின் சுவரில் அரை மில்லிமீட்டர் படி விழுந்தது, கடைசிவரை மறைக்க முடியவில்லை. அதிலிருந்து முதல் வேலையாக நடுவில் பிட்டாலேயே 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு துளை போடுகிறேன். கரண்ட் திரும்ப வந்ததும் பிட்டை அந்தத் துளைக்குள் இறக்கினால் மையம் கிடைத்துவிடும். உயரத்துக்குப் பலகையின் மேல்மட்டத்தைத் தொட்டு பூஜ்யம் வையுங்கள். இப்போது லோட் ஷெடிங் தணிந்திருக்கிறது, ஆனாலும் இந்தப் பழக்கத்தை விட மனம் வரவில்லை.

சூப்பாவுட் தூள் மிக நுண்ணியது, நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசமும் வேக்குவமும் இல்லாமல் தொடங்காதீர்கள். வெட்டும் அறைக்குள் ஸ்பீக்கரைக் கொண்டுவரவும் வேண்டாம். காந்தம் இரும்புத் துகளை இழுத்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

திருகுத் துளைகளையும் அதே பூஜ்யத்தில் மெஷினையே போடவிடுங்கள். 4 மி.மீ. திருகுக்கு 2.5 மி.மீ. பிட்டை மாட்டி 2.5 மி.மீ. துளை. பள்ளம் குறுகலாக இருப்பதால் டீ-நட் (பலகையின் பின்னால் பதிக்கும் மரையுள்ள நட்) வைக்க இடம் போதாது. ஒருமுறை திருகை ஏற்றி இறக்கி, துளைக்குள் இரண்டு சொட்டு சூப்பர் குளூ விட்டு நன்றாகக் காயவிடுங்கள், மரை இறுகிவிடும்.

டர்பன் காற்றின் ஈரம் வெட்டிய ஓரத்தில்தான் முதலில் ஏறும். மரப்பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஓட்டையின் சுவரில் இரண்டு கை பூசி, காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிடுங்கள். பூச்சு ஏறினால் ஓட்டை கொஞ்சம் இறுகும். அந்த 1 மி.மீ. இடைவெளி இங்கேதான் கைகொடுக்கும்.