மலாக்காவ பிடிச்சா வியாபாரம் கைக்கு வந்துடுமா? – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

கேம் பத்தி நீங்க எழுதறத தொடர்ந்து படிக்கிறவன் நான். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4ங்கற ஸ்ட்ராடஜி கேம பல வருஷமா ஆடறேன், இப்ப அதுக்கு ஒரு மோட் (கேமோட விதிகள மாத்தற சேர்க்கை) பண்ணிட்டு இருக்கேன், ட்ரேட் சிஸ்டத்த மொத்தமா மாத்தணும்னு. கேம் மேப்புல நோடுங்கற வியாபார மையங்கள கோர்த்து, ட்ரேட் வேல்யூ, அதாவது சரக்கோட மதிப்பு, எந்தப் பக்கம் போகும்னு காட்டற அம்புக்குறி இருக்குல்ல, எனக்கு ரொம்ப நாளா உறுத்தறது அதுதான். எந்த நாட்ட வச்சு ஆடினாலும் ட்ரேட் வேல்யூ ஐரோப்பா பக்கம்தான் ஓடுது, கடைசில இங்கிலீஷ் சேனல், ஜெனோவா, வெனிஸ்னு மூணு நோடுல போய் நின்னுடுது. மிங் நாட்ட (அந்தக் கால சைனா) எவ்ளோ பெருசாக்கினாலும் ஐரோப்பா காச சைனாவுக்கு இழுக்க முடியல, விஜயநகர் எடுத்தாலும் அதே கதை.

என்கிட்ட ரெண்டு ஐடியா இருக்கு. ஒண்ணு, யார் பலமா இருக்காங்களோ அவங்க அம்புக்குறிய திருப்பிக்கலாம். ரெண்டு, போதுமான பணம் கட்டினா எந்தத் துறைமுகத்தையும் ட்ரேட் ஹப் ஆக்கிக்கலாம். இது சரியா வருமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

அந்த அம்புக்குறி மேல எனக்கும் கோபம் உண்டு, 2013ல கேம் வந்ததுலேர்ந்தே உண்டு. ஆனா நீங்க சொல்ற ரெண்டு ஐடியாவும் வியாதிய விட்டுட்டு வேற எங்கயோ மருந்து தடவற மாதிரி எனக்குப் படுது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

மொதல்ல அம்ப பாத்துடுவோம். ஒரு மெர்ச்சண்ட (கேம்ல வர்ற வியாபாரி) நோடுல உக்கார வச்சு ஸ்டீயர் பண்ண, அதாவது சரக்க அடுத்த நோடு பக்கம் தள்ள விட்டா, அங்கேர்ந்து அடுத்த நோடுக்கு போற வேல்யூ கொஞ்சம் கூடுதுல்ல? இப்ப அம்ப வட்டமா விட்டு பாருங்க, அ-லேர்ந்து ஆ, ஆ-லேர்ந்து இ, இ-லேர்ந்து திரும்ப அ. ஒவ்வொரு சுத்துக்கும் பணம் குட்டி போட்டுக்கிட்டே இருக்கும், யாரும் எதுவும் விளைவிக்காமலே வேல்யூ வானத்துக்கு ஏறும். அதனாலதான் வட்டமே வராத ஒரு வலையா போட்டு, மேலேர்ந்து கீழ ஒரே ஓட்டமா கணக்க முடிச்சுடறாங்க. திருப்பற உரிமைய ப்ளேயர் கையில குடுத்தா உங்க மோட்ல அந்த வட்டம் ஏதோ ஒரு சேவ்ல (சேமிச்சு வச்ச ஆட்டத்துல) கண்டிப்பா உருவாகும். அத எப்படியோ தடுத்துட்டீங்கன்னே வச்சுப்போம், அப்பவும் என்ன நடக்கும்? ஏற்கனவே பெருசா இருக்கற நாடு இன்னும் பெருசாகும், கடைசி நோடு லண்டன் பக்கத்துலேர்ந்து பீக்கிங் பக்கம் நகரும், அவ்ளோதான். "கடைசி நோடு"னு ஒண்ணு இருக்கறதே தப்பு, அந்தத் தப்பு அப்படியே இருக்கும்.

இன்னொண்ணும் யோசிங்க. மிளகும் பட்டும் மேற்க போனது உண்மைதான், அந்த வரைக்கும் அம்பு பொய் சொல்லல. அது சொல்லாம விட்டது வெள்ளிய. 1545ல தென் அமெரிக்காவுல பொட்டோசில வெள்ளி மலை கண்டுபிடிக்கறாங்க, 1567ல மிங் அரசு கடல் வியாபாரத் தடைய தளர்த்தி யுவேகாங் துறைமுகத்த திறந்து விடுது, 1571ல ஸ்பெயின்காரங்க மணிலாவ நிறுவறாங்க, அதுக்கப்புறம் மெக்ஸிகோவோட அகபுல்கோலேர்ந்து பசிபிக்க தாண்டி வர்ற வெள்ளிய குடுத்து மணிலால பட்டுத்துணி வாங்கறாங்க, அந்த வெள்ளி சைனாவோட ஃபூஜியன் கரைப் பக்கம் போய்டுது. ஜப்பான் வெள்ளியும் அங்கதான் போச்சு. டச்சு கம்பெனி, இங்கிலீஷ் கம்பெனி ரெண்டும் ஆசியாவுக்கு வர்றப்ப கப்பல்ல முக்கியமா ஏத்திட்டு வந்தது வெள்ளிதான், ஏன்னா ஐரோப்பா சரக்க ஆசியாவுல விரும்பி வாங்கறவங்க ரொம்ப கம்மி. அதாவது சரக்கு ஒரு பக்கம், காசு எதிர்ப்பக்கம். கேம்ல தங்கச் சுரங்கம் இருக்கு, ஆனா அந்த வருமானம் சுரங்கம் வச்சிருக்கறவங்க கஜானாவுக்கு நேரா போய்டுது, ட்ரேட் நோடு வழியா ஓடறதே இல்ல. அதனால வித்தவனுக்கு கொஞ்சமும் வாங்கினவனுக்கு நிறையவும் லாபம் எழுதற மாதிரி ஆயிடுச்சு. மிங்க வச்சு ஆடறப்ப உங்களுக்கு வர்ற எரிச்சலோட வேர் இதுதான்னு நினைக்கிறேன். அம்ப திருப்ப வேண்டாம், வெள்ளிய ஒரு சரக்கா ஓட விடுங்க, மிங் தானா பணக்காரனாயிடும்.

இப்ப ரெண்டாவது ஐடியா, பணம் கட்டி ஹப் ஆக்கறது. இங்கதான் எனக்கு சொல்ல நிறைய இருக்கு.

மலாக்காவ எடுத்துக்குவோம். மலாய் தீபகற்பத்துல, மலாக்கா ஜலசந்தி ஓரத்துல 1400 வாக்குல பரமேஸ்வரன்ங்கற இளவரசர் ஆரம்பிச்ச ஊர். அங்க பெருசா எதுவும் விளையல, சாப்பிடற அரிசியே ஜாவாலேர்ந்தும் பர்மாவோட பெகுலேர்ந்தும் சயாம்லேர்ந்தும் (இன்னைக்கு தாய்லாந்து) வரணும். அந்த ஊரோட சொத்து காத்துதான். தென்மேற்கு பருவக்காத்துல இந்தியப் பக்கத்து கப்பல் வரும், சைனா கப்பல் வடகிழக்கு பருவக்காத்துல வரும், ஒருத்தர் வர்ற காத்துல இன்னொருத்தர் வர முடியாது, அதனால யாராவது ஒருத்தர் மாசக்கணக்குல காத்துக்கிட்டு உக்காரணும். காத்துக்கிட்டு இருக்கறவனுக்கு கிடங்கு வேணும், கடன் குடுக்க ஆள் வேணும், தன் பாஷை பேசற தரகர் வேணும், சண்டை வந்தா தீர்த்து வைக்க ஒரு அதிகாரி வேணும். மலாக்கா இதையெல்லாம் குடுத்துச்சு. நாலு ஷாபந்தர், அதாவது துறைமுக அதிகாரிங்க இருந்தாங்க, குஜராத்திகளுக்கு தனியா ஒருத்தர், சோழமண்டலம், வங்காளம், பெகு ஆளுங்களுக்கு ஒருத்தர், ஜாவா பக்கத்து தீவுக்காரங்களுக்கு ஒருத்தர், சைனாக்காரங்களுக்கு ஒருத்தர். மேற்கேர்ந்து வர்ற சரக்குக்கு சுங்கம் 6 சதவீதம். எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்ச ரேட்.

1511ல போர்த்துக்கீசிய தளபதி அல்புகெர்க்கி வந்து ஊர பிடிக்கறாரு. ஜலசந்தி அதே இடத்துல இருக்கு, காத்தும் மாறல, கோட்டை முன்னவிட பலமாச்சு. கேம் கணக்குப்படி மொத்த ட்ரேட் பவரும் (அந்த நோடு மேல இருக்கற பிடி) போர்த்துக்கல்லுக்கு வந்துடணும். நான் போர்த்துக்கல் வச்சு எத்தனையோ தடவ மலாக்காவ பிடிச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் வருமானம் ஏறித்தான் இருக்கு, ஒரு தடவ கூட அந்த ஊர் காலியானதா நான் பாத்ததில்ல. நெஜத்துல என்ன நடந்துச்சுன்னா, குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் சுமத்ராவோட ஆச்சே பக்கம் நகர்ந்துட்டாங்க, சுல்தானோட வம்சம் ஜொகூர்ல போய் உக்காந்துச்சு, ஜாவாவுல பான்டென் மிளகுச் சந்தையா வளர்ந்துச்சு. ஆச்சேலேர்ந்து மிளகு செங்கடல் வழியா போய், அந்த நூற்றாண்டு பாதி தாண்டறதுக்குள்ள வெனிஸ்ல திரும்பவும் மிளகு குவிய ஆரம்பிச்சுடுச்சு. ஆனா எல்லாரும் போகல, இது முக்கியம். நைனா சத்துங்கற தமிழ் வணிகர் போர்த்துக்கீசியர் பக்கம் நின்னாரு, அவருக்கு பெண்டஹரா, அதாவது தலைமை அமைச்சர் மாதிரியான பதவியே குடுத்தாங்க, அவரச் சேர்ந்த வணிகர் கூட்டம் அங்கயே தங்குச்சு. ஒரு ஊர் விழுந்தா ஒவ்வொரு கூட்டமும் தன்னோட கணக்க தனியா போட்டுத்தான் இருக்கறதா போறதானு முடிவு பண்ணுது.

1641ல டச்சுக்காரங்க போர்த்துக்கீசியர்கிட்டேர்ந்து அதே மலாக்காவ பிடிச்சாங்க. பழைய பெருமை அப்பவும் திரும்பல, ஏன்னா அவங்களே 1619லேர்ந்து படேவியாவத்தான் (இன்னைக்கு ஜகார்த்தா) மையமா வச்சிருந்தாங்க.

ஐரோப்பாவுலயும் இதேதான். இன்னைக்கு பெல்ஜியத்துல இருக்கற ப்ரூஜஸ்லேர்ந்து வெளிநாட்டு வணிகர்கள் பக்கத்து ஆண்ட்வெர்ப்புக்கு போனாங்க. ஸ்வின் கால்வாய்ல மண் மேடு தட்டினது ஒரு காரணம், 1480கள்ல ஃப்ளாண்டர்ஸ்காரங்க (ப்ரூஜஸ் இருக்கற பகுதி) அவங்கள ஆண்ட ஹாப்ஸ்பர்க் மாக்ஸிமிலியன எதிர்த்து கலகம் பண்ணதும், அவரு வெளிநாட்டு வணிகர்கள அங்கேர்ந்து கிளம்பச் சொன்னதும் இன்னொரு காரணம். அப்புறம் ஆண்ட்வெர்ப்போட கதைய பாருங்க, இது ஒரு கேம் டிசைனருக்கு பொக்கிஷம். 1575ல ஸ்பெயின் அரசு கடன கட்ட முடியாம திவாலாகுது, அதனால படைக்கு சம்பளம் நிக்குது, சம்பளம் இல்லாத படை கலகம் பண்ணி 1576 நவம்பர்ல ஆண்ட்வெர்ப்ப சூறையாடுது, 1585ல ஊர் ஸ்பெயின் தளபதி பார்மா இளவரசர்கிட்ட விழுது, ஊர கடலோட சேக்கற ஷெல்ட் ஆத்து வாய டச்சுக்காரங்க அடைக்கறாங்க, ப்ராட்டஸ்டண்டுகள் நாலு வருஷத்துக்குள்ள கெளம்பணும்னு உத்தரவு. ஒரு லட்சத்துக்கு பக்கத்துல இருந்த ஜனத்தொகை சில வருஷத்துலயே பாதிக்கும் கீழ போச்சு. அந்த ஆளுங்க, அந்த காசு, அந்த தொடர்புகள்ல பெரும்பங்கு ஆம்ஸ்டர்டாமுக்கு போய் சேர்ந்துச்சு. திவாலு, கலகம், முற்றுகை, மதம், இது எல்லாமே கேம்ல ஏற்கனவே இருக்கற மெக்கானிக்ஸ்தான்! ஆனா ஒண்ணுக்கும் ட்ரேட் ஹப்புக்கும் நடுவுல இந்த மாதிரி கோர்வையே கெடையாது. இதவிட பெரிய வருத்தம் என்னன்னா, ப்ரூஜஸ், ஆண்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம், லண்டன் நாலும் கேம்ல இங்கிலீஷ் சேனல்ங்கற ஒரே நோடுக்குள்ள இருக்கு. அந்தக் காலகட்டத்தோட மிகப் பெரிய இடமாற்றம் மேப்புல தெரியக்கூட தெரியாது. பாரசீக வளைகுடா வாய்ல இருக்கற ஹார்முஸும் அப்படித்தான், 1622ல பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் இங்கிலீஷ் கம்பெனி கப்பல் உதவியோட போர்த்துக்கீசியர்கிட்டேர்ந்து தீவ பிடிச்ச பிறகு வியாபாரம் எதிர்க்கரைல பந்தர் அப்பாசுக்கு போச்சு, கேம்ல ரெண்டுமே ஹார்முஸ் நோடுதான்.

அப்ப ராஜாவால ஹப்ப உருவாக்கவே முடியாதானு கேப்பீங்க. முடியும். இத்தாலில லிவோர்னோ இருக்கு. அது சின்ன ஊர், அந்தப் பகுதிய ஆண்ட மெதிச்சி குடும்பம் அங்க துறைமுகம் கட்டினாங்க, ஆனா 1590கள்ல டியூக் ஃபெர்டினாண்டோ யூதர்களுக்கும் மத்த நாட்டு வணிகர்களுக்கும் குடியேற உரிமை, வழிபாட்டு உரிமை, பழைய கடன்லேர்ந்து பாதுகாப்பு எல்லாம் எழுதிக் குடுத்த பிறகுதான் ஆளுங்க வந்தாங்க. சிங்கப்பூர் 1819ல தொடங்கறப்பவும் சுங்கமே கிடையாதுங்கற ஒரு வாக்குதான் மூலதனம். பணம் கட்டி கல்லையும் கரையையும் வாங்கலாம், அதோட நிறுத்தினா காலி கிடங்குதான் மிஞ்சும். ராஜா தர வேண்டியது வாக்கு, அந்த வாக்க பல வருஷம் மீறாம இருக்கறது. ஒவ்வொரு வருஷமும் கருவூலம் காலியா இருக்கறப்ப சுங்கத்த ஏத்தணும்னு கை அரிக்கும், ஏத்தாம இருக்கணும். ஒரு ப்ளேயருக்கு இதவிட நல்ல சோதனை வேற என்ன வேணும்?

அதனால நான் செஞ்சா இப்படி செய்வேன். ஹப்ப மேப்புல ஒட்டி வைக்க மாட்டேன். குஜராத்தி, ஆர்மீனியர், ஹொக்கியன் (ஃபூஜியன் சைனாக்காரங்க), ஜெனோவாக்காரர்னு வணிகர் கூட்டங்கள தனித்தனியா வைப்பேன், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு துறைமுகம் மேலயும் நம்பிக்கைனு ஒரு எண். சண்டை இல்லாத, சுங்கம் ஏறாத ஒவ்வொரு வருஷமும் அது கொஞ்சமா கூடும். கொள்ளை நடந்தா, கடன திருப்பலைன்னா, அவங்க மதத்த தொட்டா ஒரே அடியா பாதாளத்துக்கு விழும். பக்கத்து துறைமுகத்தோட எண் தாண்டிடுச்சுன்னா அந்தக் கூட்டம் மட்டும் மூட்டைய கட்டும். லாபம் ஸ்டீயர் போனஸ்லேர்ந்து வராது, ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கற விலை வித்தியாசத்துலேர்ந்து வரும், விளைஞ்ச சரக்கு அளவுக்குத்தான் வரும். அப்ப வட்டமா சுத்தினாலும் பணம் குட்டி போடாது, அம்பே தேவையில்ல.

இவ்ளோ கணக்கு போட்டா கேம் திணறாதானு பயம் வரும். மாசா மாசம் போட்டா திணறும். ஆனா பாய்மரக் கப்பல்காரன் மாசா மாசம் முடிவு எடுக்கல, பருவக்காத்துக்கு ஒரு தடவதான் எடுத்தான். அதே மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவ, அந்தந்த கடலோட பருவத்துல கணக்கு போடுங்க. தூரத்தையும் மைல்ல அளக்காம எத்தனை பருவம்னு அளங்க, மலாக்கா மாதிரி ஊர் எங்க முளைக்கும்னு கேமே காட்டிக் குடுக்கும். தரை வழி வியாபாரத்துக்கு இது அப்படியே பொருந்தாது, அத அப்புறம் பாத்துக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. ஹப் கையவிட்டு போறது ப்ளேயருக்கு திடீர்னு நடந்தா கேம மூடி வச்சுட்டு போய்டுவாங்க, அது நியாயமும் கூட. எந்தக் கூட்டம் அதிருப்தில இருக்கு, எந்தக் காரணத்துக்கு, எங்க போகப் போகுதுன்னு ரெண்டு மூணு பருவம் முன்னாடியே தெரியணும். யாரோட கிடங்கு காலியாகுதுன்னு துறைமுகத்துலயே காட்டுங்க. விக்டோரியா 3ங்கற இன்னொரு ஸ்ட்ராடஜி கேம்ல, 2025ல வந்த 1.9 பேட்ச்ல ட்ரேட் ரூட்ட ப்ளேயர் கையால போடறத எடுத்துட்டு ட்ரேட் சென்டருங்க தானா வியாபாரம் பண்ற மாதிரி மாத்தினாங்க, ப்ளேயர்கிட்ட டேரிஃப் (சுங்க வரி) மாதிரி கொள்கைய மட்டும் விட்டாங்க. அந்தத் திசை எனக்கு சரின்னு படுது. அதே வருஷம் வந்த யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5லயும் சரக்கு வாரியா மார்க்கெட் வந்துடுச்சு, அம்பு போயாச்சு. அதுக்காக உங்க மோட்ட கைவிட்டுடாதீங்க, 4ல ஆடறவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க.

மொத்த உலகத்தையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க தம்பி. இங்கிலீஷ் சேனல் நோட மட்டும் எடுத்து நாலா பிரிங்க, ப்ரூஜஸ், ஆண்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம், லண்டன். வணிகர் கூட்டம் அஞ்சு போதும். ப்ளேயரே இல்லாம 1444லேர்ந்து 1650 வரைக்கும் ஓட விடுங்க. ஸ்பெயின் திவாலாகி படை கலகம் பண்ற சேவ்ல ஆண்ட்வெர்ப் தானா காலியாகுதா, திவாலாகாத சேவ்ல அது நிக்குதான்னு பாருங்க. ரெண்டு சேவையும் எனக்கு அனுப்புங்க, உக்காந்து சேர்ந்து பாப்போம்.

அன்புடன்.