அமெரிக்காவில் இரு கட்சியினரும் ஒருவரையொருவர் மதித்து நடந்த காலம் உண்மையிலேயே இருந்ததா?

இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் நடந்த காரியங்களுக்கெல்லாம் மரியாதைதான் காரணம் என்பதை நான் நம்புவதில்லை.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் 2008-ஐக் காட்டுவார்கள். மினசோட்டாவில் ஒரு தேர்தல் கூட்டம். ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஓர் அரபு என்கிறார் ஒரு பெண்மணி. ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் மைக்கை வாங்கிக்கொண்டு, இல்லையம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், எனக்கும் அவருக்கும் கொள்கையில்தான் வேறுபாடு என்கிறார். நானும் அந்தக் காணொளியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். (அரபு என்றால் நல்ல குடும்பஸ்தராக இருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் உறுத்தும், அது வேறு.) ஒபாமாவைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றதற்கு அவருடைய ஆதரவாளர்களே அன்று கூச்சலிட்டார்கள்.

சரி, இரு கட்சியும் சேர்ந்து பெரிய காரியம் முடித்த கதை வேண்டுமென்றால் 1964-க்குப் போக வேண்டும். இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம். நூறு பேர் கொண்ட மேலவையான செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 67 பேர் இருந்தும் மசோதா நகரவில்லை. அக்கட்சியின் தென்மாநிலத்துக்காரர்களே மாறிமாறிப் பேசி வாரக்கணக்கில் வாக்கெடுப்பைத் தடுத்தார்கள். விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதனால் மசோதாவை முன்னின்று நடத்திய ஜனநாயகக் கட்சி செனட்டர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி, குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சனிடம் போய் நின்றார். டர்க்சன் திருத்தங்கள் கேட்டுப் பேரம் பேசினார், அப்புறம் தன் ஆட்களைத் திரட்டினார். ஜூன் 10 அன்று விவாதத்தை முடிக்கும் வாக்கெடுப்பு: 71-க்கு 29. குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரவு. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். அவர் தன் கண்ணைக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணும் 'ஐ', ஆதரவு வாக்கும் 'ஐ'!

அன்று இரண்டு கட்சியிலும் பழமைவாதிகளும் இருந்தார்கள், தாராளவாதிகளும் இருந்தார்கள். சொந்தக் கட்சிக்காரன் கைவிட்டால் எதிர்க்கட்சியில் கேட்க ஆள் இருந்தது. இன்று பழமைவாதிகள் ஒரு கட்சி, தாராளவாதிகள் ஒரு கட்சி என்று பிரிந்தாயிற்று. யாரிடம் போய்க் கேட்பது?

மரியாதைக்கு அன்றும் குறைவில்லை. மசோதாவைத் தடுத்த அணியின் தலைவர் ரிச்சர்ட் ரஸ்ஸலை அவையில் மதிக்காதவர் இல்லை. செனட் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயர்தான், பக்கத்துக் கட்டடத்துக்கு டர்க்சன் பெயர். 2018-ல் மெக்கெய்ன் இறந்தபோது, ரஸ்ஸல் பெயரை எடுத்துவிட்டு மெக்கெய்ன் பெயரை வைக்கலாம் என்றார் ஜனநாயகக் கட்சியின் சக் ஷூமர். பெயர் மாறவில்லை.